மாறிப் போனால் ஏன் மலிவு? விமானக் கட்டணம் பற்றி ஓர் எளிய விளக்கம்

சென்னையிலிருந்து லண்டனுக்கு டிக்கெட் தேடியவர்கள் ஒரு தடவையாவது இதைக் கவனித்திருப்பார்கள். எங்கும் நிற்காமல் பத்து, பதினோரு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் விமானத்துக்கு ஒரு விலை. துபாயிலோ தோஹாவிலோ இறங்கி வேறு விமானம் ஏறிப் போனால் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலை. இரண்டாவது வழியில் தூரம் அதிகம். இரண்டு முறை மேலே ஏறி, இரண்டு முறை இறங்க வேண்டும். எரிபொருள் கூடுதல், சாப்பாடும் கூடுதல். இருந்தும் மலிவு. எப்படி?

இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "கனெக்‌ஷன் டிக்கெட்டை யாரும் வாங்க மாட்டாங்க, அதான் தள்ளிவிடுறாங்க" என்பார் ஒருவர். ஒரே போனில் திரும்பத் திரும்பத் தேடினால் விலையை ஏற்றிவிடுவார்கள் என்பார் இன்னொருவர். இந்தப் பேச்சையெல்லாம் நம்பி, மலிவு என்று ஒரு டிக்கெட்டை எடுத்து நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் ஒருத்தி என் அக்கா மகள். அவள் பட்டதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விலை எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம்.

பேருந்துக் கணக்கு இங்கே செல்லாது

அரசுப் பேருந்தில் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம். சென்னையிலிருந்து மதுரையைவிடத் திருநெல்வேலி தூரம், அதனால் டிக்கெட்டும் கூட. சின்ன வயதிலிருந்து இந்தக் கணக்கில் பழகியதால், விமானத்துக்கும் அதையே போட்டுப் பார்க்கிறோம். அங்கேதான் முதல் குழப்பம்.

விமான இருக்கைக்கு நெருங்கிய உறவு மல்லிகைப்பூ. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளுக்கு முந்தைய தினம் மல்லிகை விலை எங்கோ போய் நிற்கும். முகூர்த்தம் முடிந்த மறுநாள் கேட்பாரில்லை. அதே தோட்டம், பறிக்கிற கூலியும் அதேதான். விலையைத் தீர்மானித்தது செலவு அல்ல. அன்றைக்கு யாருக்கு எவ்வளவு தேவை என்பது. இன்னொன்று, விற்காத பூ மறுநாள் குப்பை. விமானத்தின் கதவு மூடியபின் காலியாக இருக்கும் இருக்கையும் அப்படித்தான். அதை எடுத்து வைத்து நாளைக்கு விற்க முடியாது.

ஆனால் ஓரிடத்தில் பூவும் இருக்கையும் நேர் எதிராகப் போகின்றன. பொழுது சாயச் சாயப் பூக்காரம்மா விலையைக் குறைப்பார். விமான நிறுவனமோ கிளம்பும் நாள் நெருங்க நெருங்க விலையை ஏற்றும். சாயங்காலம் பூ வாங்குகிறவர் மலிவாகக் கிடைத்தால் வாங்குவார், இல்லையென்றால் பேசாமல் போய்விடுவார். நாளை மறுநாள் பயணத்துக்கு இன்றைக்கு டிக்கெட் கேட்கிறவர் அப்படிப்பட்டவர் அல்ல. ஊரில் சாவு விழுந்திருக்கும், அல்லது வேலையில் சேரக் கடைசித் தேதியாக இருக்கும். அவரால் காத்திருக்க முடியாது. அதனால் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார். மூன்று மாதம் முன்பே எடுப்பவர் பயணத் தேதியை மாற்றுவார், நாலு இடத்தில் விசாரிப்பார். அவசரக்காரருக்கென்று சில இருக்கைகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, மிச்சத்தை முன்கூட்டியே எடுப்பவருக்கு மலிவாக விற்கிறார்கள்.

இப்படி, யாருக்கு எந்த நேரத்தில் எந்த விலை என்று பிரித்து விற்பதற்கு வருவாய் மேலாண்மை என்று பெயர். அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டம் விமானக் கட்டணத்தின் மேலிருந்த அரசுக் கட்டுப்பாட்டைப் படிப்படியாக நீக்கியது. பீப்பிள் எக்ஸ்பிரஸ் என்ற புது நிறுவனம் அடிமாட்டு விலைக்கு டிக்கெட் விற்றது. 1985-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதே அளவு மலிவான டிக்கெட்டை அறிவித்தது. ஆனால் எல்லா இருக்கைக்கும் அல்ல. ஒவ்வொரு விமானத்திலும் இத்தனை மட்டும்தான், முன்கூட்டியே எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. மற்ற இருக்கைகள் வழக்கமான விலைக்கே விற்றன. எல்லாவற்றையும் மலிவாக விற்ற பீப்பிள் எக்ஸ்பிரஸால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1987-ல் அந்தப் பெயரே இல்லாமல் போனது. இன்று நாம் பார்க்கும் விலையாட்டமெல்லாம் அந்த வழியில் வந்ததுதான்.

ஒரே வரிசையில் பல விலை

எகானமியில் எல்லா இருக்கையும் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். விற்கும்போது அதை ஒரு டஜன் பங்காகக்கூடப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பங்குக்கும் ஓர் ஆங்கில எழுத்து, ஒரு விலை, சில நிபந்தனைகள். இதுதான் கட்டண வகுப்பு. இருக்கை எங்கே இருக்கிறது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் மற்றவரைவிட இருமடங்கு கொடுத்திருக்கலாம். மலிவான வகுப்பில் வைத்திருந்த இருக்கைகள் தீர்ந்தால் அடுத்த வகுப்பு திறக்கும். விற்பனை மந்தமானால் மூடிய மலிவு வகுப்பையே மறுபடி திறப்பதும் உண்டு.

காலையில் பார்த்த விலை மத்தியானம் ஏறியிருந்தால் உங்கள் போன் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் நடந்தது இதுதான்: அந்த வகுப்பின் கடைசி இருக்கையை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

குடும்பமாகப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது, மலிவான வகுப்பில் மூன்று இருக்கை மட்டும் மிச்சம் இருந்தால், பல தளங்கள் நாலு பேருக்கும் அடுத்த வகுப்பு விலையைத்தான் காட்டும். ஒருவருக்கு மட்டும் என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் மூன்று பேருக்கு ஒன்றும், ஒருவருக்கு ஒன்றுமாக எடுக்கலாம். ஆனால் விமானம் ரத்தானால் உங்களை ஒரே குடும்பமாக நடத்தும்படி நீங்களே கேட்டு வாங்க வேண்டியிருக்கும். சின்னக் குழந்தைகளோடு போகும்போது இதைச் செய்ய எனக்கு மனம் வராது.

இதுவரை பார்த்தது: விலை தூரத்தைப் பொறுத்தது அல்ல, யார், எப்போது, எவ்வளவு அவசரத்தில் வாங்குகிறார் என்பதைப் பொறுத்தது. ஒரே விமானத்தில் பல விலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து மூடுகின்றன.

விற்பது விமானத்தை அல்ல, இரண்டு ஊர்களை

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பத்து ஊர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் மற்ற ஒன்பதோடும் நேரடியாக இணைக்க வேண்டும் என்றால் 45 வழித்தடங்கள் வேண்டும். நடுவில் பதினோராவதாக ஓர் ஊரை வைத்து, எல்லோரையும் அங்கே கொண்டுவந்து மாற்றிவிட்டால் 10 வழித்தடங்கள் போதும். சுற்றுப்பட்டு கிராமத்து டவுன் பஸ்கள் எல்லாம் தாலுகா பேருந்து நிலையத்தில் வந்து சேர்வதும், அங்கிருந்து வெளியூர் வண்டி பிடிப்பதும் இதே ஏற்பாடுதான். விமானத்தில் அந்த நடு ஊரை ஹப் என்பார்கள், மைய நிலையம். எமிரேட்ஸுக்குத் துபாய், கத்தார் ஏர்வேஸுக்குத் தோஹா, லுஃப்தான்சாவுக்கு ஃபிராங்க்ஃபர்ட், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸுக்குக் கொழும்பு.

சென்னையிலிருந்து துபாய்க்குக் கிளம்பும் ஒரு விமானத்தை மனதில் வையுங்கள். உள்ளே துபாயிலேயே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள்; லண்டன், மான்செஸ்டர், பாஸ்டன் என்று போகிறவர்களும் இருக்கிறார்கள். எல்லோரும் ஒரே விமானத்தில் போனாலும் ஒரே சந்தையில் டிக்கெட் வாங்கவில்லை. துபாய்க்காரர் 'சென்னை முதல் துபாய் வரை' என்ற சந்தையில் வாங்கினார், லண்டன்காரர் 'சென்னை முதல் லண்டன் வரை' என்ற சந்தையில். கிளம்பும் ஊர், போய்ச் சேரும் ஊர் என்ற இந்த ஜோடிக்குத்தான் விலை. நடுவில் எங்கே கால் வைக்கிறீர்கள் என்பது விலையின் அடிப்படை அல்ல.

சென்னை முதல் லண்டன் வரையிலான சந்தையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகப் பறக்கிறது. வயதான அப்பா அம்மா, கைக்குழந்தை, மீட்டிங் என்று நேரத்துக்கும் அலைச்சலுக்கும் மதிப்பு கொடுப்பவர்கள் அதற்குக் கூடுதலாகக் கொடுக்கத் தயார். துபாய், தோஹா, அபுதாபி, கொழும்பு, ஃபிராங்க்ஃபர்ட் என்று மாற்றிக் கூட்டிப் போகும் நிறுவனங்களோ ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. நேராகப் போக முடிகிற பயணியை "எங்களிடம் வாருங்கள், நடுவில் மூன்று மணி நேரம் காத்திருங்கள்" என்று அழைக்க வேண்டுமானால் அந்தச் சிரமத்துக்கு ஈடாக விலையைக் குறைத்தாக வேண்டும். குறைத்தாலும் அவர்களுக்கு நஷ்டமில்லை. அந்த இரண்டு விமானங்களும் எப்படியும் பறக்கப் போகின்றன. காலியாகப் போகவிருந்த இருக்கையில் ஓர் ஆள் கூடுதல்.

இதே பிரிட்டிஷ் ஏர்வேஸ், சென்னையிலிருந்து நியூயார்க் போகிறவருக்கு 'மாறிப் போகும்' நிறுவனம். அங்கே அதுவும் விலையைக் குறைத்துக் கூப்பிட வேண்டும். அதனால் இந்தக் கம்பெனி மலிவு, அந்தக் கம்பெனி ஜாஸ்தி என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் இல்லை. எந்த இரண்டு ஊருக்கு என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். கனெக்‌ஷன் எப்போதுமே மலிவு என்பதும் உண்மை அல்ல. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் மாதிரி நாலரை மணி நேரப் பயணத்தில், ஸ்கூட் போன்ற பட்ஜெட் நிறுவனம் நேராகவே பறக்கிறது. அங்கே நடுவில் மாறிப் போனால் விலையும் கூடலாம், நேரமும் போகும்.

சரி, துபாய் வரை தனியாக எடுத்தால் அதிக விலை, லண்டன் வரை எடுத்தால் குறைந்த விலை என்று ஒரு நாள் அமைந்தால்? லண்டன் டிக்கெட்டை வாங்கித் துபாயில் இறங்கிக்கொள்ளலாமா? பேருந்தில் செய்யலாம். இங்கே செய்யாதீர்கள். செக்-இன் செய்த பெட்டி லண்டனுக்குப் போய்விடும். டிக்கெட்டில் ஒரு பகுதியைப் பறக்காமல் விட்டால் பொதுவாக அதற்கு அடுத்த பகுதிகள் அத்தனையும் ரத்தாகும், திரும்பி வரும் பயணம் உட்பட. முதல் பகுதியைத் தெரியாமல் விட்டாலும் இதே கதிதான். "சென்னையிலிருந்து வேண்டாம், நான் டெல்லியிலேயே ஏறிக்கொள்கிறேன்" என்று நேராக டெல்லிக்குப் போய் நின்றவர்களை ஏற்றாமல் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

சுருக்கமாக: ஒவ்வொரு ஊர்ஜோடியும் ஒரு தனிச் சந்தை. அந்தச் சந்தையில் நேராகப் பறப்பவருக்கு மவுசு அதிகம். மாற்றிக் கூட்டிப் போகிறவர் அந்தக் குறையை விலையில் ஈடுகட்டுகிறார்.

ஒரு டிக்கெட்டா, இரண்டு டிக்கெட்டா?

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

என் அக்கா மகள் லண்டனில் முதுகலை படிக்கக் கிளம்பினாள், ஜனவரி மாதம். சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு நிறுவனம், டெல்லியிலிருந்து லண்டனுக்கு வேறொரு நிறுவனம். இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம் என்று கண்டுபிடித்தாள். நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிறதே என்று எங்களுக்கும் நிம்மதி. ஜனவரியில் டெல்லி மூடுபனி எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சென்னை விமானம் நாலு மணி நேரம் தாமதம். முதலாம் டெர்மினலில் இறங்கி, பெட்டிக்காகக் காத்திருந்து, பல கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மூன்றாம் டெர்மினலுக்கு ஓடிச் சேர்ந்தபோது செக்-இன் கவுன்ட்டர் மூடியிருந்தது. லண்டன் விமானக்காரர்கள், "நீங்கள் நேரத்துக்கு வரவில்லை, இந்த டிக்கெட் முடிந்தது" என்றார்கள். முதல் விமானக்காரர்கள், "உங்களை டெல்லியில் இறக்கியதோடு எங்கள் வேலை முடிந்தது" என்றார்கள். விதிப்படி இரண்டு பேர் சொன்னதும் சரி. மறுநாள் விமானத்துக்கு, அதாவது கடைசி நேர விலைக்கு, அறுபதாயிரத்துக்கு மேல் கொடுத்துப் புது டிக்கெட் வாங்கினோம். அந்த ராத்திரி ஒரு மணிக்கு அவள் போனில் அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

இதே பயணத்தை ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால் கதை வேறு. ஒரு முன்பதிவுக்குக் கொடுக்கும் ஆறு எழுத்து அடையாளம்தான் பி.என்.ஆர். ஒரே பி.என்.ஆரில், ஒரே டிக்கெட்டில் சென்னை முதல் லண்டன் வரை என்று இருந்தால், உங்களை லண்டனில் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், கூடுதல் பணம் வாங்காமல் அடுத்த விமானத்தில் இடம் போட்டுத் தர வேண்டும். பெட்டியிலும் சென்னையிலேயே லண்டன் என்று பட்டை ஒட்டிவிடுவார்கள். சென்னையிலிருந்து லண்டனுக்கு ஒரு பார்சலை ஒரே கூரியரில் அனுப்புவதற்கும், டெல்லி வரை ஒருவர், அங்கிருந்து வேறொருவர் என்று அனுப்புவதற்கும் உள்ள வித்தியாசம் இது. இரண்டாவது வகையில் டெல்லியில் பார்சலைக் கை மாற்றிவிட வேண்டியவர் நீங்கள்தான்.

ஒரே டிக்கெட்டாக விற்கும்போது நிறுவனம் இன்னொன்றையும் பார்க்கும். ஒவ்வொரு விமான நிலையத்திலும் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறக் குறைந்தது இவ்வளவு நிமிடம் வேண்டும் என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். அது குறைந்தபட்ச இணைப்பு நேரம். அதற்குக் கீழே உள்ள இணைப்பை விற்க மாட்டார்கள். ஆனால் அது வேகமாக நடக்கிறவரின் கணக்கு. முழங்கால் வலியோடு போகும் அம்மாவுக்கு இரண்டரை, மூன்று மணி நேரமாவது இருக்கும்படி நான் பார்த்துக்கொள்வேன்.

வாங்கும் முன் எப்படிக் கண்டுபிடிப்பது? சில தளங்கள் இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டைச் சேர்த்து ஒரே பயணம் போலக் காட்டும். பொடி எழுத்தில் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று போட்டிருக்கும். நீங்களே மாறிக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். அந்தத் தளம் தன் பங்குக்கு ஒரே ஒரு முன்பதிவு எண் கொடுக்கும், அதை பி.என்.ஆர். என்று எண்ணி ஏமாறக் கூடாது. பணம் கட்டும் முன்பே தளத்திலோ டிராவல்ஸிலோ "கடைசி ஊர் வரை ஒரே டிக்கெட்தானா, பெட்டி நேராகப் போகுமா" என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

விசா, பெட்டி, தாமதம்

இரண்டு டிக்கெட் என்றால் நடு ஊரில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும். வெளிநாடாக இருந்தால், வெளியே வருவது என்றால் அந்த நாட்டுக்குள் நுழைவது. அதற்கு விசா வேண்டும். முதல் விமானக்காரர்களின் திரையில் நீங்கள் துபாய்க்குப் போகும் பயணி மட்டுமே. துபாய் விசா இல்லையென்றால் சென்னையிலேயே ஏற்ற மறுக்கலாம்.

ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் சில இடங்களில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் மாறிப் போகிறவரும் குடிநுழைவுச் சோதனையைக் கடந்தாக வேண்டும், அதற்கு விசா தேவை. லண்டனில் விமான நிலையத்தைவிட்டு வெளியே வராமல் மாறுவதற்கே இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு டிரான்சிட் விசா தேவை. அமெரிக்கா, கனடா போன்ற சில நாடுகளின் விசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்கு ஃபிராங்க்ஃபர்ட், பாரிஸ் மாதிரி ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) நிலையங்களிலும் இதே நிபந்தனை, இதே போன்ற விலக்குகளோடு. இந்த விதிகள் மாறக்கூடியவை. டிக்கெட் எடுக்கும் வாரத்தில் அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் தளத்தில் பார்ப்பதுதான் பத்திரம்.

தாமதத்துக்கு இழப்பீடு கிடைக்குமா என்பதும் எந்த வழியாகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் சட்டப்படி, 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், நிறுவனத்தின் தவறாக இருக்கும் பட்சத்தில், 520 பவுண்டு கேட்கலாம். பிரிட்டனிலிருந்து கிளம்பும் எல்லா விமானத்துக்கும் இது பொருந்தும். பிரிட்டனுக்கு வரும்போது பிரிட்டன், ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மட்டும். ஆகவே வளைகுடா நிறுவனத்தில் சென்னையிலிருந்து லண்டன் போகும்போது இந்தப் பாதுகாப்பு இல்லை. லண்டனிலிருந்து திரும்பும்போது உண்டு. துபாயில் இணைப்பைத் தவறவிட்டவர்கள் தொடுத்த வழக்கில், கடைசி ஊருக்கு எவ்வளவு தாமதமாகச் சேர்ந்தார்கள் என்பதையே கணக்கிட வேண்டும் என்று இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. அதுவும் ஒரே முன்பதிவில் போனவர்களுக்குத்தான். புயல், மூடுபனிக்கு இழப்பீடு கிடையாது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையே மூடிக்கிடந்தது. அப்படிப்பட்ட நாளில் இழப்பீடு இல்லாவிட்டாலும், ஒரே டிக்கெட் வைத்திருந்தவருக்குப் பயணமாவது மிஞ்சும்.

கணக்குப் போடும் விதம்

ஒரு கற்பனைக் கணக்கு. நேராகப் போக 38,000 ரூபாய், மாறிப் போக 29,000. மிச்சம் 9,000 என்று தோன்றும். மலிவு டிக்கெட்டில் செக்-இன் பெட்டி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 4,000 அதற்கே போகலாம். நடுவில் பதினோரு மணி நேரம் காத்திருந்தால் நிலையத்துச் சாப்பாடு 1,500. லண்டனில் நள்ளிரவில் இறங்கினால் பெரும்பாலான நாட்களில் ரயில் இருக்காது, டாக்ஸிக்கு ஐயாயிரத்துக்கு மேல். ஒன்பதாயிரமும் கரைந்துபோய், கையைவிட்டும் போட வேண்டியிருக்கிறது. பெட்டி சேர்ந்திருந்து, காத்திருப்பு மூன்று மணி நேரமாக இருந்து, பகலில் இறங்கினால் ஒன்பதாயிரமும் உண்மையிலேயே மிச்சம்தான். அப்போது தயங்காமல் மாறிப் போகலாம். தனியாகப் போகும் மாணவருக்கு அது ஒரு மாதச் சாப்பாட்டுக்கே உதவும்.

'நேரடி' என்ற சொல்லையும் ஒரு தடவை உரசிப் பாருங்கள். ஒரே விமான எண்ணில் போகும் பயணத்தையும், நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினாலும், டைரக்ட் என்று சொல்வது வழக்கம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஒரே எண்ணில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நின்று நியூயார்க் போகிறது. எங்கும் நிற்காததற்கு நான்-ஸ்டாப் என்று பெயர். உங்களுக்கு அதுதான் வேண்டுமென்றால் அந்த வார்த்தையைத் தேடுங்கள்.

முதல் தடவையாகப் பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோருக்கு எடுக்கும்போது மட்டும் நான் இந்தக் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிடுவேன். நிற்காத விமானம் இருந்தால் அதுதான். இல்லாத ஊருக்கு ஒரே டிக்கெட், பகல் நேர இணைப்பு, முன்கூட்டியே சக்கர நாற்காலி. நடக்க முடிகிறவர்களுக்கும் அதைக் கேட்பேன், ஏனென்றால் நாற்காலியோடு வழி தெரிந்த ஓர் ஆளும் வருவார். எங்கள் அக்கா போன வருஷம் லண்டனுக்கு மகளைப் பார்க்கப் போனாள். டிக்கெட்டை எடுத்தது மகள்தான். நிற்காத விமானம், ஒரே டிக்கெட், இரண்டு பெட்டி.